அன்றைக்குத் தூக்கியிருக்கக் கூடாது

எங்கள் ஸ்டேசனில் மேடை தாழ்வு. ரயிலுக்கு எங்கள் பக்கம் கோச்சி என்று பேர்; அந்தப் பெட்டியின் வாசல் உயரம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று நான் அளந்து பார்த்திருக்கிறேன். பதுளையில் வெல்டிங் கடையில் வேலை செய்கிறவன் என்பதால் டேப் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இரண்டடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. நடுவில் ஒரு இரும்புப் படி. அதுவும் மேடையிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. கால் உள்ளவர்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறிவிடுவார்கள். இடுப்பில் பிள்ளையோடு வருகிற பெண்கள்கூட, மரக்கறி மூட்டையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, பின்னாலேயே ஏறிக்கொள்வார்கள். என் தங்கச்சிக்கு மட்டும் அந்த இரண்டடி ஒரு மலை.

பத்தொன்பது வயதில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு இறங்கும்போது சறுக்கிக் கானுக்குள் விழுந்தாள். மழைத்தண்ணீர் வடிய மலையில் வெட்டி வைத்திருக்கிற கான்தான், இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. கருங்கல் கட்டு முதுகில் பட்டுவிட்டது. அங்கிருந்து அவளைக் கம்பிளியில் கிடத்தி, நாலு மூலையை நாலு பேர் பிடித்து ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படித்தான். யாருக்காவது முடியவில்லை என்றால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கம்பிளி விரியும், ஆட்கள் சேருவார்கள், மேடேறுவார்கள். ஒருவரைத் தரையில் கிடக்க விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அந்தக் கேள்வியை அவர் ஏன் கேட்டார் என்று பதினைந்து வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பயந்த ஆள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, தெரிந்த விஷயம்தான். அவளுடைய சக்கர நாற்காலியின் பிரேக்கை அவள் போட்ட பிறகு நான் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். பத்தடி போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பேன். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். படித்தவர்கள் ஏதாவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் "சரிங்க" என்று வாயில் வந்துவிடும். அவர்கள் போன பிறகுதான் என்ன கேட்டார்கள் என்று யோசிப்பேன்.

தங்கச்சி என்னைப் போல இல்லை. கோயில் மண்டபத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தபோது தமிழும் சிங்களமும் டைப் பண்ணப் படித்துக்கொண்டாள். பண்டாரவளையில் ஸ்டேசனுக்குப் பக்கத்திலேயே போட்டோகொப்பி எடுக்கிற, கடிதம் அடித்துக் கொடுக்கிற கடை ஒன்றில் அவளை வேலைக்குக் கேட்டார்கள். வேலையைப் பார்த்துத்தான் கேட்டார்கள், பரிதாபத்தில் இல்லை. காலை எட்டரைக்குக் கடையில் இருக்க வேண்டும். வாசலில் படி கிடையாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஸ்டேசன் வரைக்கும் தோட்டத்து ரோடு. கைக்குத் தோலுறை மாட்டிக்கொண்டு அவளே சக்கரத்தைத் தள்ளி வந்துவிடுவாள், அரை மணி நேரம் பிடிக்கும். பஸ்ஸில் நாற்காலியை ஏற்றவே மாட்டார்கள். ஆக, கோச்சிதான். வீட்டு வாசலிலிருந்து கடை வாசல் வரைக்கும் எல்லாவற்றையும் அவளே செய்துகொள்வாள், கோச்சியில் ஏறி இறங்குவதைத் தவிர. பண்டாரவளையில் மேடை கொஞ்சம் உயரம். அங்கே கடைப் பையன்கள் இருவர் வந்து பலகை போட்டு இறக்கிக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மீதி இருந்தது எங்கள் ஸ்டேசன்தான்.

அந்த நேரத்தில்தான் ஸ்டேசன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். சிங்களக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார்.

"கோச்சிப் பெட்டி புதுசு செய்யப் போறாங்க. ஏற முடியாத ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான். மாதிரிக்கு ஒண்ணு செஞ்சு இந்தப் பக்கம் கொண்டு வாறாங்க. மேடை தாழ்வான ஸ்டேசன் வேணுமாம். நம்ம ஸ்டேசனை விடத் தாழ்வு எங்கே இருக்கு? உங்க தங்கச்சிய கூட்டிட்டு வாங்க. ஏறிப் பார்க்கணும், அவ்வளவுதான்."

"எப்ப சார்?"

"ஞாயித்துக்கிழமை. மற்ற நாள்ல லைன் சும்மா இருக்காதே."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தங்கச்சி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன். அன்னைக்கு என்னைத் தூக்கக் கூடாது. நீங்களும் கூடாது, லயத்து ஆளுகளும் கூடாது. என்ன ஆனாலும்."

"விழுந்துட்டா?"

"விழுந்தா விழுறேன். அதைப் பாக்கத்தானே அவங்க வாறாங்க."

சரி என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதி லயம் ஸ்டேசனில் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் சனம் வராமல் இருக்காது. வேலையில்லாத நாள் வேறு. எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மாமா, வெள்ளைச் சட்டையோடு முதல் ஆளாக நின்றார். சொந்த மாமா இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். முதுகுத்தண்டு வளையாத மனிதர், மலையிலிருந்து எத்தனையோ பேரைக் கம்பிளியில் இறக்கியவர்.

"என்ன தாயி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஊரே கூடி நிக்குது. மாப்பிள்ளையை மட்டும் காணலையே" என்றார் அவர்.

"அவரு அடுத்த ஸ்டேசன்ல ஏறுவாரு மாமா. இங்கே ஏற முடியலையாம்" என்றாள் தங்கச்சி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எஞ்சினோடு ஒரே ஒரு பெட்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பொறியியலாளர் ஒரு பெண். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். சப்பாத்தெல்லாம் புழுதி. சிங்களத்தில் பேசினார், கூட வந்த ஒரு தம்பி தமிழில் சொன்னான். படம் எடுக்க ஒருவர், அளவெடுக்க ஒருவர். பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. வாசல் அகலம், நாற்காலியை மடக்காமலே போகலாம். உள்ளே நாற்காலி நிற்க இடம் விட்டு, இழுத்துக் கட்ட வார் வைத்திருந்தார்கள். தரைக்கு அடியிலிருந்து ஒரு இரும்புத் தகடு வெளியே நீண்டு மேடையில் படிந்தது. அதில்தான் ஏற வேண்டும்.

அந்தத் தகடுதான் சரியில்லை. நான் இரும்போடு வேலை செய்கிறவன், சரிவைப் பார்த்தாலே தெரியும். கொழும்புப் பக்கத்து உயர்ந்த மேடைக்கு அளந்த நீளம் அது. அங்கே அது வாசலுக்கு விரித்த பாய் மாதிரி கிடக்கும். எங்கள் மேடையில் லயத்துக் கூரை மாதிரி நின்றது. தகடும் பெட்டித் தரையும் சேருகிற இடத்தில் ஒரு அங்குலம் தூக்கலாக விளிம்பு.

அந்தப் பொறியியலாளர் அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தம்பியிடம் ஏதோ சொன்னார். அவன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "யாரும் உதவி செய்ய வேண்டாம் என்று மேடம் கேட்டுக்கொள்கிறார். அக்கா தனியாக முயற்சி பண்ணட்டும். முடியாவிட்டால் பரவாயில்லை. முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறோம்." நாற்காலிக்குப் பின்னால் அவர்களுடைய ஆள் ஒருவர், தொடாமல், விழுந்தால் பிடிக்கக் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்.

முதல் தடவை பாதித் தகடு வரை போய் நாற்காலி பின்னுக்கு உருண்டது. இரண்டாம் தடவை இன்னும் தள்ளி வந்து வேகமாக ஏறினாள். முன்சக்கரம் போய் அந்த விளிம்பில் முட்டி நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவள் இரண்டு சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். தோள் இரண்டும் ஆடின. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. பொறியியலாளர் எழுதிக்கொண்டிருந்தார். அளவெடுக்கிறவர் சரிவுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் போதும். கை விட்டிருக்கும், பின்னால் இருந்தவர் பிடித்திருப்பார், முடியவில்லை என்று எழுதியிருப்பார்கள்.

நான் மாமாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். எங்களில் ஒருவர் அப்படிப் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று மாமாவுக்குத் தெரியும்.

ஆறு பேர் பாய்ந்தார்கள். பின்னால் நின்ற ஆளை ஒதுக்கிவிட்டு, நாற்காலியோடு அவளைத் தூக்கி, மூச்சு விடுகிற நேரத்தில் பெட்டிக்குள் வைத்தார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்திருந்தேன். மேடையில் கைதட்டினார்கள். படம் எடுக்கிறவர் விடாமல் எடுத்தார். மாமா வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இதுக்குப் போயி தகடு என்னத்துக்குங்க?" என்றார். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே அதையும் மொழிபெயர்த்தான்.

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. உள்ளே வார் எப்படிக் கட்டுவது என்று ஒருவர் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பொறியியலாளர் என்னிடம் வந்தார். வெல்டிங் வேலை என்று ஸ்டேசன் மாஸ்டர் சொல்லியிருப்பார் போல. நோட்டுப் புத்தகத்தில் ஒரு படம் கீறிக் காட்டினார். தகட்டை இரட்டை நீளமாக்கி, நடுவில் கீல் வைத்து இரண்டாக மடிக்கிற மாதிரி. ஒருவரே விரிக்க முடியுமா, பாரம் தாங்குமா என்று தம்பி மூலம் கேட்டார்.

முடியும். அதே மாதிரி ஒன்றை நானே செய்திருக்கிறேன், ஹாலிஎலைப் பக்கம் ஒரு கடைக்கு, லொறியில் பீப்பாய் உருட்டி ஏற்ற. கீலுக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் போட்டால் நெளியாது. ஓரத்தில் ஸ்பிரிங் வைத்தால் ஒரு பொம்பளைப் பிள்ளைகூடத் தூக்கி மடிக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். வாயில் வந்தது வேறு.

"நீங்க பாத்து எப்படிச் செஞ்சாலும் சரிங்க மேடம்."

"இப்படித் தினமும் தூக்கி ஏத்துறது கஷ்டம் இல்லையா என்று கேட்கிறார்" என்றான் தம்பி.

"அதெல்லாம் இல்லைங்க. எங்களுக்குப் பழக்கம்தான். ஆளு எப்பவும் இருக்கு."

தம்பி சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். பிறகு நோட்டை மூடினார். அளவெடுத்தவர் ஒரு தாளை நீட்டினார். மேலே சிங்களம், கீழே இங்கிலீஸ். கூட வந்தவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் அவளே சக்கரத்தைத் தள்ளி முன்னால் போனாள். லயத்து வாசலில் வந்து நின்றதும் கேட்டாள்.

"எத்தனை பேருண்ணே தூக்குனீங்க?"

"என்னோட ஏழு பேரு."

"நாளைக்குத் திங்கக்கிழமை. கோச்சி ஏழு பத்துக்கு. அந்த நேரம் இந்த ஏழு பேரும் எங்கே இருப்பாங்க?"

அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. காலை ஏழு மணிக்குப் பெரட்டு. மலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர் போட மாட்டார்கள், பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேடையில் இருந்த கைகளை அவர்கள் எண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை நாளில் அந்த மேடையில் ஸ்டேசன் மாஸ்டரையும் நாயையும் தவிர யாரும் இருப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நான், ஆளு எப்பவும் இருக்கு என்றேன்.

சில மாதங்களில் புதுப் பெட்டிகள் ஓடத் தொடங்கின. வாசல் அகலம், உள்ளே இடம், வார், சக்கர நாற்காலிப் படம் எல்லாம் இருந்தது. குனிந்து பார்த்தேன். தரைக்கு அடியில் தகடு இல்லை. ஸ்டேசன் மாஸ்டர் தனக்கு வந்திருந்த அறிக்கையை வாசித்துச் சொன்னார். மலைப்பக்கத்து ஸ்டேசன்களில் உதவிக்கு ஆள் கிடைப்பதால் நீளமான தகடு தேவைப்படவில்லை, இருக்கிற தகடும் மேடை உயர்ந்த பக்கம் ஓடுகிற பெட்டிகளுக்கு மட்டும் போதும் என்று முடிவாம். அதில் ஒரு படமும் இருந்தது. மாமாவின் வெள்ளைச் சட்டை நன்றாகத் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் நான்.

கடைக்காரர் அதுவரைக்கும் அவளுக்காகக் காத்திருந்தார். அதற்கு மேல் தள்ள முடியாது என்று அவள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். நான் என் கடையில் சொல்லிவிட்டுப் பிந்திப் போனேன். சாயந்தரம் இறக்குவதற்கு வேலை விட்ட ஆட்கள் இருந்தார்கள், காலைதான் பாடு. முதல் மூன்று நாள் மாமாவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். கோச்சி போனதும் பெரட்டுக்கு ஓட்டமாக ஓடினார்கள். நாலாம் நாள் மூன்று பேர். அடுத்த கிழமை மாமா மட்டும். நானும் அவரும் ஸ்டேசன் மாஸ்டருமாகத் தூக்கினோம். மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடியக்காலையில் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"மாப்ள, கங்காணி நேத்துப் பேரு போடல. முந்தாநாளும் அரைப் பேருதான். வீட்டுல சத்தம் போடுறா."

"சரிங்க மாமா."

"தாயிக்கிட்ட நீயே சொல்லிரு. எனக்கு முகத்தப் பாத்துச் சொல்ல வராது."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு நானும் அவளும் மட்டும்தான் மேடையில். கோச்சி வந்தது. வாசலில், சுற்றுலாக்காரர்கள் தங்குகிற எல்ல ஊர்ப் பக்கமிருந்து வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம் எடுக்கத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவர் நல்ல மனதோடு குதித்து இறங்கி, என்னோடு சேர்ந்து தூக்கினார்கள். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவன் அவளை அக்குளில் கை கொடுத்து இழுத்தான். சால்வை நழுவிக் கீழே விழுந்தது, சட்டை மேலேறிக்கொண்டது, நாற்காலியைப் பிடித்திருந்ததால் மூடிக்கொள்ள அவளுக்குக் கை ஒழியவில்லை. உள்ளே இருந்து ஒரு பிள்ளை போனில் எடுத்துக்கொண்டே சிரித்தது, கெட்ட சிரிப்பு இல்லை. நான் சால்வையை எடுத்துக் கொடுப்பதற்குள் கோச்சி நகர்ந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அது பண்டாரவளை போய்ச் சேருகிற நேரம் வரைக்கும் மேடையிலேயே நின்றேன்.

அடுத்த நாள் அவள் வந்தாள். கோச்சியும் வந்தது. கார்ட் எட்டிப் பார்த்தார். வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கப் போனார். தங்கச்சி கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினாள். கொடி அசைந்தது. கோச்சி போய்விட்டது.

"கடைக்குப் போன் பண்ணுங்கண்ணே. இனி வரலைன்னு சொல்லிருங்க."

"இன்னும் நாலு நாள் பாப்போமே. நான் யாரையாவது..."

"அன்னைக்கு என்னை விட்டிருந்தீங்கன்னா நான் விழுந்திருப்பேன். விழுந்திருந்தா எழுதியிருப்பாங்க." அவள் சத்தமாகப் பேசவில்லை. "ஒரு தடவை விழ விட்டிருக்கலாம்ல."

நான் போன் பண்ணினேன். கடைக்காரர் "பாவம்" என்றார். அதற்கும் சரிங்க என்றேன்.

அவளுடைய இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். எல்ல ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, நன்றாக நடக்கும். விசைப்பலகையில் சிங்களம் எங்கே, தமிழ் எங்கே என்று தெரியாமல் அடிக்கடி போன் எடுக்கும். தங்கச்சி பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். நான் பக்கத்தில் இருந்தால் வெளியே போய்விடுவேன்.

போன மாதம் அவள் போனிலேயே ஒரு கடிதம் அடித்து, பதுளையில் அச்செடுத்து வரச் சொன்னாள். பெட்டி செய்கிறவர்களுக்கு. மூன்று மொழியிலும் எழுதியிருந்தாள். அன்று அவர்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை என்றும், வேலை நாள் காலையில் வந்து பார்க்க வேண்டும் என்றும், இரண்டாக மடிகிற தகடு செய்ய முடியும், கூட வந்தவருக்கு அது அப்போதே தெரியும் என்றும் இருந்தது. அது நான் பிறகு அவளிடம் ஒத்துக்கொண்டது. என் பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தாள், கையெழுத்துக்கு.

மூன்று நாள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். முதலில் ஒன்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் இப்போது வேறு சொன்னால் கேட்பார்களே, கூப்பிட்டு விசாரிப்பார்களோ, ஸ்டேசன் மாஸ்டருக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று என்னென்னவோ. அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நாலாம் நாள் தபால் கந்தோரில் வரிசையில் நின்று, முன்னால் இருந்தவரின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இன்னும் பதில் இல்லை. ஒருவேளை வரலாம். மடிகிற தகடும் ஒருநாள் வரலாம், வேறு யாராவது அதில் ஏறிப் போகலாம். கடை வேலை அந்தப் பிள்ளையிடம்தான் இருக்கிறது. இப்போது அது போன் எடுப்பதும் குறைந்துவிட்டது, பழகிக்கொண்டது போல.